எழுதியவர் நீங்கள் என்பதற்குச் சாட்சி என்ன?

சட்டம் தொடர்பான வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இப்பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. காசிமேட்டில் கானா பாடுகிறவர், பழைய வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்குத் துணி டிசைன் வரைகிறவர், வியாசர்பாடியிலிருந்து சினிமாவுக்குப் போய்வருகிறவர் என்று எழுதியவர்களின் தொழில் வேறுவேறாக இருந்தாலும், அவர்களுடைய மனக்குறை ஏறக்குறைய ஒன்றுதான்: நான் உருவாக்கியதை இன்னொருவர் எடுத்துக்கொண்டார், அது என்னுடையது என்று எப்படி நிரூபிப்பது? ஒரே மாதிரியான கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, எழுதியவர்களின் பெயர்களை நீக்கி வெளியிடுகிறோம்.

கேள்வி: நான் அதிகம் படித்தவன் இல்லை. பாட்டை மனத்திலேயே கட்டி, பாடிப் பாடித்தான் முழுமையாக்குவேன். எங்கள் பகுதியில் ஒரு துக்க வீட்டில் நான் பாடியதை யாரோ செல்போனில் எடுத்து யூடியூபில் போட்டார்கள். இப்போது அதே பல்லவியும் இரண்டு சரணங்களும் வேறொருவர் குரலில் ஆல்பம் பாடலாக வந்திருக்கின்றன. எழுதியவர் என்று அவர் பெயரே இருக்கிறது. கேட்டால், "கானா எல்லாருக்கும் பொது, நீ எங்கே எழுதி வைத்திருக்கிறாய், காட்டு" என்கிறார்கள். காகிதத்தில் எழுதாத பாட்டுக்கு உரிமை உண்டா, ஐயா?
– கானா பாடகர், காசிமேடு

பதில்: உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டின் சொற்கள் இலக்கியப் படைப்பு. அதன் மெட்டு இசைப் படைப்பு. அவை உங்கள் சொந்த உழைப்பில் உருவானவை என்றால், உருவானபோதே உரிமையும் வந்துவிடுகிறது. எந்த அலுவலகத்தின் முத்திரையும் அதற்குத் தேவையில்லை. மெட்டு அமைத்தவர் யார் என்று வரையறுக்கும் இடத்தில், அவர் அதை இசைக்குறியீடாக எழுதி வைத்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று சட்டமே சொல்லிவிடுகிறது. "எங்கே எழுதி வைத்திருக்கிறாய்" என்று அவர்கள் கேட்பது சான்றைத்தான். ஆனால் உரிமையே இல்லை என்பதுபோல் கேட்டு உங்கள் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள்.

பாடியவர் என்ற முறையில் உங்களுக்கு இரண்டாவது உரிமை ஒன்றும் இருக்கிறது. நிகழ்த்துகலைஞர் யார் என்பதற்குச் சட்டம் தரும் வரையறையில் நடிகரும் பாடகரும் மட்டுமல்லாமல் கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை பலரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். டோலக் அடியோடு துக்க வீட்டில் விடிய விடியப் பாடுகிறவருக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் அனுமதியின்றி அதைப் பதிவு செய்து பொதுவில் பரப்பியவர் இந்த உரிமையை மீறியிருக்கிறார். நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகளுக்கு இவ்வுரிமை நீடிக்கும்.

கானா எல்லாருக்கும் பொது என்று அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தலைமுறைகளாகப் பாடப்பட்டுவரும் மெட்டுகளும், பாட்டுக்குப் பாட்டு வரும் வழக்கமான விளிகளும் தொடர்களும் யாருக்கும் சொந்தமல்ல. அவற்றை நீங்களும் எடுத்திருப்பீர்கள், அவரும் எடுக்கலாம். நீங்கள் புதிதாகக் கட்டிய வரிகளே உங்களுக்குச் சொந்தம். ஆகவே வழக்கறிஞரிடம் போவதற்கு முன், வீட்டில் எழுதத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து முழுப் பாட்டையும் சொல்லி எழுதச் செய்து, பழைய சரக்கு எது, உங்கள் சரக்கு எது என்று ஒளிவுமறைவில்லாமல் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாமே என்னுடையது என்று சாதித்தால், எதிர்த்தரப்பு எங்கிருந்தோ ஒரு பழைய பாட்டைக் கொண்டுவந்து காட்டி உங்கள் வழக்கு முழுவதையும் கேலிக்கு உள்ளாக்கிவிடும்.

இனி சான்று. உங்களைக் கேட்காமல் எடுக்கப்பட்ட அந்தச் செல்போன் காட்சிதான் இப்போது உங்கள் முதல் சாட்சி. அதில் உங்கள் முகமும் குரலும் இருக்கின்றன, வலையேற்றிய தேதியும் இருக்கிறது. கோபத்தில் அதை நீக்கச் சொல்லிவிடாதீர்கள். அதன் இணைய முகவரி, தேதி, கீழே உள்ள கருத்துகள் அனைத்தும் தெரியும்படி நகலெடுத்துக்கொள்ளுங்கள். எடுத்தவர் யாரென்று கண்டுபிடிக்க முடிந்தால், மூலக் கோப்பு அவருடைய போனில் இருக்கிறதா என்று பாருங்கள். மரண கானாவுக்கு வேறு எந்தப் பாட்டுக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு: அது பாடப்பட்ட நாளுக்கு அரசாங்கமே ஆவணம் வைத்திருக்கிறது. மாநகராட்சி தந்த இறப்புச் சான்றிதழும், சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரும், அந்த வீட்டாரின் வாக்குமூலமும், டோலக் அடித்தவரின் வாக்குமூலமும் சேர்ந்தால், ஆல்பம் வெளியாவதற்கு முன்பே அந்தப் பாட்டு உங்கள் வாயில் இருந்தது என்பதை மறுப்பது எளிதல்ல. இறந்தவரின் பெயரோ, அவர் வாழ்ந்த தெருவின் பெயரோ, அவர் செய்த தொழிலோ உங்கள் வரிகளில் இருந்து, ஆல்பத்தில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டிருந்தால் இன்னும் நல்லது. திருடுகிறவர்கள் பெரும்பாலும் அவசரக்காரர்கள். மூலத்தின் தழும்புகளைத் துடைக்க மறந்துவிடுவார்கள்.

இனிமேல் கட்டும் பாட்டுகளை மேடையில் பாடுவதற்கு முன்பே, அரைகுறையாக இருக்கும்போதிருந்தே, செல்போனில் பதிவு செய்து வையுங்கள். முழுமை பெற்ற பாட்டைவிட, தட்டுத் தடுமாறி வார்த்தை தேடும் அந்தப் பதிவுகள்தான் நீதிமன்றத்தில் அதிகம் பேசும்; திருடியவரிடம் முடிந்த பொருள் மட்டுமே இருக்கும், அது உருவான வழி இருக்காது.

கேள்வி: நான் முகநூலில் எழுதிய சிறுகதைகளில் மூன்றை ஒருவர் தம் தொகுப்பில் சேர்த்து அச்சிட்டுவிட்டார். இன்னொரு கதையை ஒரு யூடியூப் சேனல் என் பெயரைச் சொல்லாமல் வாசித்து வெளியிட்டிருக்கிறது. நான் எதையும் பதிவு செய்யவில்லை. பதிவு செய்யாவிட்டால் வழக்கே போட முடியாது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: வீடு, மனை வாங்கிப் பழகிய நமக்குப் பத்திரம் பதிவானால்தான் சொத்து என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பதிப்புரிமை அப்படிப்பட்டதல்ல. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமும், 1928 முதல் இந்தியா உறுப்பினராக இருப்பதுமான பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படையே, உரிமையை அனுபவிக்க எந்தச் சடங்கும் தேவையில்லை என்பதுதான். புது டெல்லி துவாரகாவில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தில், இணையவழியாகவே, ஒரு இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். விண்ணப்பித்தபின் எவரேனும் ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் காத்திருப்பு உண்டு. அந்தப் பதிவேட்டில் உள்ள குறிப்பு, மறுத்து நிரூபிக்கப்படும் வரை ஏற்கத்தக்க சான்று என்று சட்டத்தின் 48ஆம் பிரிவு சொல்கிறது. பதிவின் பயன் அவ்வளவுதான். யார் உண்மையில் எழுதினார் என்று அந்த அலுவலகம் துப்பறிவதில்லை. ஆகவே திருடியவரும் பதிவு செய்துவிட முடியும், அப்படிச் செய்தால் அதைத் திருத்தக் கோரி நீங்கள் உயர் நீதிமன்றம் செல்ல முடியும். தொடர்ந்து எழுதுகிறவர் நல்ல கதைகளையாவது பதிவு செய்து வைப்பது நல்லது என்பேன். ஆனால் செய்யவில்லை என்பதற்காக நீங்கள் ஒடுங்கிப்போக வேண்டியதில்லை.

உங்கள் கையில் இருப்பது சிறிய சான்று அல்ல. வெளியான படைப்பின் பிரதியில் ஆசிரியர் என்று யார் பெயர் இருக்கிறதோ, மாறாக நிரூபிக்கப்படும் வரை அவரையே ஆசிரியராகக் கொள்ள வேண்டும் என்று 55ஆம் பிரிவு கூறுகிறது. இந்த அனுமானம் தொகுப்பு வெளியிட்டவருக்கும் கிடைக்கும் என்பதால், யார் முந்தியவர் என்பதில்தான் வழக்கு நிற்கும். முகநூல் பதிவில் தேதி இருக்கிறது. திருத்தியிருந்தால் திருத்த வரலாறும் இருக்கிறது. வாசகர்களின் பின்னூட்டங்கள் இருக்கின்றன. அச்சிட்ட தொகுப்பின் பிரதி ஒன்றை ரசீதோடு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பதிப்பு எந்த ஆண்டு, எந்த மாதம் என்று அதிலேயே இருக்கும்.

திரையில் தெரிவதைப் படமெடுத்து (ஸ்கிரீன்ஷாட்) வைத்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது அதனுடன் ஒரு சான்றிதழ் வேண்டும். அதன் ஒரு பகுதியில் அந்தக் கருவியைக் கையாண்டவரும், மறு பகுதியில் ஒரு வல்லுநரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிடப்படும் ஒரு நீண்ட எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆகவே எந்தப் போனில், எந்தக் கணினியில் எடுத்தீர்களோ அதை விற்றுவிடாமல், கோப்பை வெட்டி ஒட்டாமல் வைத்திருங்கள்.

யூடியூப் சேனலைப் பொறுத்தவரை வழி குறுகியது. அந்நிறுவனத்தின் புகார்ப் படிவத்திலேயே முறையிடலாம். புகார் ஏற்கப்பட்டால் காணொளி நீக்கப்பட்டு, சேனலுக்கு ஸ்டிரைக் என்னும் எச்சரிக்கை ஒன்று விழும், 90 நாட்களுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். எதிர்த்தரப்பு மறுப்புத் தெரிவித்தால், வழக்குத் தொடுத்ததற்கான ஆதாரத்தை 10 வேலை நாட்களுக்குள் நீங்கள் காட்ட வேண்டும். இல்லையேல் காணொளி திரும்பி வந்துவிடும். இந்தியச் சட்டத்தின் கீழும், எழுத்துமூலம் புகார் பெற்ற தளம் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. ஆனால் 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் தளம் அதை மீண்டும் திறந்துவிடலாம். ஆகவே புகார் கொடுக்கும் நாளிலேயே அடுத்த படிக்கும் ஆயத்தமாக இருங்கள்.

அச்சான தொகுப்புக்கு முதலில் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். அதற்குப் பணியாவிட்டால், பதிப்பாளர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்க 62ஆம் பிரிவு இடம் தருகிறது. மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் கெடு. கோரும் மதிப்பு மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாததாக இருந்தால் விவகாரம் வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசரத் தடையாணை கோராத வழக்குகளில் அதற்கு முன் சமரச முயற்சி கட்டாயம்.

காவல் நிலையத்தில் உங்களுக்குச் சொன்னது முழுவதும் சரியல்ல. தெரிந்தே பதிப்புரிமையை மீறுவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். பிடியாணை இல்லாமல் நடவடிக்கை எடுக்கத்தக்க, பிணை உரிமையாகக் கிடைக்காத குற்றம் இது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. ஆனாலும் உங்கள் நோக்கம் உங்கள் பெயர் திரும்ப வருவதும், விற்பனை நிற்பதும், நட்டஈடு கிடைப்பதும் என்றால், அவை மூன்றும் உரிமையியல் நீதிமன்றத்தில்தான் கிடைக்கும். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்கள் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம், அல்லது பாரிமுனைக்கு அருகே உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம்.

கேள்வி: கவிதைகளைக் கவரில் போட்டு எனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இது செல்லுமா?
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: அந்த முறைக்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் இல்லை. ஒட்டாத கவரை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு உள்ளே எதையும் வைத்து ஒட்டலாம் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் அதைக் கவிழ்த்துவிடுவார். பதிவுத் தபாலே 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. நம்பகமான இரண்டு நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பி அவர்களிடம் கருத்துக் கேளுங்கள். அவர்கள் எழுதும் பதில் அந்தக் கவரைவிட வலுவான சாட்சி, கவிதைக்கும் நல்லது.

கேள்வி: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் நான் எடுத்த புகைப்படம் ஒன்று, என்னைக் கேட்காமல் ஒரு நிறுவனத்தின் காலண்டரில் அச்சாகியிருக்கிறது. நான் கல்யாணப் படங்களும் எடுக்கிறேன். அவற்றிலும் இதே சிக்கல் வருமா?
– புகைப்படக்காரர், பெரம்பூர்

பதில்: இரண்டும் வேறு வேறு. துறைமுகத்துக்கு யாரும் உங்களை அனுப்பவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை. ஆகவே அந்தப் படம் முழுக்க உங்களுடையது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. கேமராவில் பதிவான ரா ஃபைலும், அதே விடியலில் அதற்கு முன்னும் பின்னும் எடுத்து வேண்டாமென்று ஒதுக்கிய படங்களும் உங்கள் சான்று. மெமரி கார்டை அழிப்பதற்கு முன் அவை அத்தனையையும் வேறொரு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். காலண்டர்க்காரரிடம் இருப்பது ஓரம் வெட்டிய ஒரே ஒரு பிரதி. உங்களிடம் வெட்டாத முழுச் சட்டகம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், கேமரா விவரம் முதலியவை உதிர்ந்துவிடும் என்பதால், தேவைப்படும்போது ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். மூலையில் பெயர் போடுவதைச் சிலர் அழகுக் குறைவு என்று தவிர்க்கிறார்கள். நான் மேலே சொன்ன 55ஆம் பிரிவை நினைத்தாவது போட்டுக்கொள்ளலாம்.

கல்யாணப் படங்களில் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. ஒருவர் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூலி கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. எடுத்தது நீங்கள், ஹார்டு டிஸ்க் உங்களுடையது, ஆனால் உரிமை மணமக்கள் வீட்டாருடையது. மணப்பெண்ணின் படத்தை ஸ்டூடியோ வாசலிலோ இன்ஸ்டாகிராமிலோ வைக்க விரும்பினால், முன்பணம் வாங்கும்போதே அதற்கான அனுமதியையும் ரசீதின் கீழ் இரண்டு வரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டி, குர்தித் துணிகளுக்கான பூ டிசைன்களை வீட்டிலிருந்தே கணினியில் வரைந்து கொடுக்கிறேன். ஒரு கடைக்குக் கொடுத்த டிசைன் சில வாரங்களில் பக்கத்துக் கடைகளிலும் தொங்குகிறது. இதற்கும் பதிப்புரிமை உண்டல்லவா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்களுக்கு நான் சொல்லப்போவது இனிப்பான செய்தி அல்ல. காகிதத்திலோ திரையிலோ நீங்கள் வரைந்த ஓவியத்துக்குப் பதிப்புரிமை உண்டு. ஆனால் அது துணியில் ஏறிச் சரக்காகும்போது டிசைன் சட்டத்தின் எல்லைக்குள் போய்விடுகிறது. டிசைனாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருள்களில் அச்சிட்டுவிட்டால், அதற்கான பதிப்புரிமை அத்தோடு முடிந்தது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுகிறது. பிரின்டிங் பட்டறையில் 50 நைட்டி என்பது ஒரு காலைப் பொழுது வேலை. சோபா, நாற்காலி உறைத் துணி தொடர்பான ஒரு வழக்கில் 2009இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வும் இந்தப் பிரிவை இப்படித்தான் பொருத்திப் பார்த்தது.

டிசைன் பதிவு 2000ஆம் ஆண்டின் சட்டப்படி நடப்பது. கொல்கத்தாவில் உள்ள அலுவலகம் அதைக் கவனிக்கிறது. முதலில் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்புக் கிடைக்கும். நிபந்தனை ஒன்று உண்டு, அதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: விண்ணப்பிக்கும் நாள்வரை அந்த டிசைன் வெளியே தெரிந்திருக்கக் கூடாது. கடைக்காரரைக் கவர்வதற்காக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு, ஆர்டர் வந்தபின் பதிவு செய்யலாம் என்றிருந்தால் புதுமை போய்விட்டது என்று நிராகரிக்க இடமாகிவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு ஒருவருக்காக வரைந்து கொடுத்த டிசைனுக்கு, வரைவித்தவரே உரிமையாளர் என்பது டிசைன் சட்டத்தின் நிலை. அப்படியானால் பக்கத்துக் கடைக்காரர்மேல் புகார் சொல்லும் தகுதி உங்களுக்கு வேலை கொடுத்த கடைக்காரருக்குத்தான் இருக்கும், உங்களுக்கு இருக்காது.

ஒரு பொங்கலுக்கு வந்து அடுத்த பொங்கலுக்குள் மறைந்துபோகும் பூக்களை எல்லாம் பதிவு செய்துகொண்டிருப்பது வீண் செலவு என்பதே என் கருத்து. ஆண்டுக்கணக்கில் ஓடும் என்று உங்களுக்கே தோன்றும் சிலவற்றை மட்டும் வெளியே காட்டுவதற்கு முன் பதிவு செய்துவிட்டு, மற்றவற்றுக்கு எந்தக் கடைக்கு, எத்தனை காலத்துக்கு, வேறு யாருக்கும் தரலாமா கூடாதா என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதற்கேற்ப விலை சொல்லுங்கள். டிசைன் முதலில் கசிவது பெரும்பாலும் பட்டறையில்தான். கோப்பை முழு அளவில் யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதில் கண் வையுங்கள்.

கேள்வி: ஒரு தயாரிப்பாளரிடம் ஒரு கதையை நேரில் சொன்னேன். குத்துச்சண்டை வீரன் ஒருவன் துறைமுகக் கூலியாகிறான் என்பதுதான் ஒன் லைன். இரண்டு வருடம் கழித்து அதே கருவில் ஒரு படம் வந்துவிட்டது. வழக்குப் போடலாமா?
– உதவி இயக்குநர், வியாசர்பாடி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், போட வேண்டாம். கருவுக்கு உரிமை கிடையாது. அந்தக் கருவை நீங்கள் வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உரிமை. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. தம் நாடகத்தைத் திரைப்படமாக்கிவிட்டார்கள் என்று நாடகாசிரியர் தொடுத்த அவ்வழக்கில், மாகாண வெறுப்பு என்ற பொதுக் கரு இரண்டிலும் இருந்தபோதிலும், கதையை நடத்திச் சென்ற விதம் வேறு என்று அவர் கோரிக்கை தள்ளுபடியானது. இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ரசிகருக்கு, பின்னது முன்னதன் நகல் என்ற எண்ணம் ஐயமில்லாமல் எழுகிறதா என்பதே அத்தீர்ப்பு தந்த அளவுகோல். குத்துச்சண்டைக்கும் துறைமுகத்துக்கும் பேர்போன வடசென்னையில் இந்த ஒன் லைன் ஒரே சமயத்தில் பத்துப் பேர் மனத்தில் தோன்றியிருக்கக்கூடும் என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

ஆனால் நீங்கள் சொன்ன காட்சிகள் எந்த வரிசையில் வந்தன, கதாபாத்திரங்களுக்குள் என்ன உறவு, திருப்பம் எங்கே விழுந்தது, வசனம் என்ன என்று விரிவாகப் பொருந்துமானால் விஷயம் மாறுகிறது. அப்போதும் நேரில் வாயால் சொன்னது சான்றில் நிற்காது. அடுத்த முறை கதை சொல்லப் போகுமுன், காட்சிவாரியாக எழுதிய திரைக்கதையைப் பதிப்புரிமை அலுவலகத்திலோ, உறுப்பினராக இருந்தால் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலோ பதிந்துவிட்டுப் போங்கள். சங்கப் பதிவு இன்ன நாளில் இன்ன கதை உங்களிடம் இருந்தது என்பதைக் காட்டும், சக எழுத்தாளர்கள் முன்னிலையில் பேசித் தீர்க்கவும் உதவும். பேசிவிட்டு வந்த அன்றைக்கே, "இன்று உங்கள் அலுவலகத்தில் நான் சொன்ன கதையின் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்" என்று பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். கதை அவரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை நிரூபிப்பதுதான் இத்தகைய வழக்குகளில் பாதி வேலை. அதை அந்த ஒரு கடிதம் செய்துவிடும்.

கேள்வி: எங்கள் கானா குழுவின் பெயரையே இன்னொரு குழு வைத்துக்கொண்டது. பதிப்புரிமை கோரலாமா?
– கொருக்குப்பேட்டை வாசகர்

பதில்: பெயருக்கும் தலைப்புக்கும் பதிப்புரிமை கிடையாது, தலைப்பைப் பற்றி 2015இல் உச்ச நீதிமன்றமும் அப்படியே சொல்லியிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது வணிகச்சின்னப் பதிவு. அது வரும்வரை, உங்கள் குழு எவ்வளவு காலமாக அந்தப் பெயரில் பாடிவருகிறது என்பதைக் காட்டும் பழைய நோட்டீஸ்களையும் கோயில் திருவிழாப் போஸ்டர்களையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: ஒரு இசை நிறுவனம் என் பாட்டு ஒன்றுக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்தது. உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும் எல்லா உரிமையும் அவர்களுக்கே, ராயல்டி எதுவும் கேட்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டது. நகல்கூடத் தரவில்லை. படத்தில் வராத தனிப்பாடல் அது. இப்போது எல்லா இடத்திலும் ஒலிக்கிறது, என் பெயரையும் எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டபின் ஒன்றும் செய்ய முடியாதா?
– பாடலாசிரியர், புளியந்தோப்பு

பதில்: முடியும். இந்தியச் சட்டம் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் கொடுத்த பாதுகாப்பு, கையெழுத்தையும் மீறி நிற்கக்கூடியது. ஒலிப்பதிவில் சேர்க்கப்பட்ட பாட்டின் பயன்பாட்டுக்காக வரும் ராயல்டியில், உரிமையை வாங்கியவரோடு சமபங்கு பெறும் உரிமையை ஆசிரியர் விட்டுக்கொடுக்க முடியாது. சட்டப்படியான வாரிசுக்கோ, ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை எழுதிக்கொடுக்கவும் முடியாது. மாறாக எழுதியிருந்தால் அந்த வாசகம் செல்லாது. ஆகவே "கேட்க மாட்டேன்" என்று நீங்கள் கையெழுத்திட்டது உங்கள் பாட்டின் பதிப்புரிமையை மாற்றியிருக்கலாமே ஒழிய, ராயல்டிப் பங்கை மாற்றவில்லை. 2012 ஜூன் 21க்குப் பின் செய்த ஒப்பந்தமா என்று மட்டும் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"இனி வரப்போகும் எல்லா ஊடகங்களும்" என்ற சொற்றொடரையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஒப்பந்தம் செய்தபோது இல்லாத அல்லது வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் அன்றி, உரிமை மாற்றம் பொருந்தாது. ஒப்பந்தம் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பதும், எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்பதை அது சொல்ல வேண்டும் என்பதும் 19ஆம் பிரிவின் விதி. காலம் சொல்லப்படாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். அவர்கள் உலகம் முழுவதும் என்று எழுதியதைச் சொல்கிறீர்கள், காலத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

பெயரை நீக்கியது தனிக் குற்றச்சாட்டு. உரிமையை விற்ற பின்னும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்வதும், தன் மதிப்புக்கு ஊறு விளைக்கும்படி அதைச் சிதைத்தால் தடுப்பதும் 57ஆம் பிரிவின்படி ஆசிரியரிடமே தங்கிவிடுகின்றன. புது டெல்லி விக்யான் பவனுக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு கழற்றிக் கிடங்கில் போட்டுச் சேதப்படுத்தியபோது, சிற்பம் அரசுக்குச் சொந்தமாக இருந்தும், 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவின் கீழ்தான் அவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் நட்டஈடு வழங்கி, எஞ்சிய சிற்பத்தையும் திருப்பித் தரச் சொன்னது.

ராயல்டியை ஒவ்வொரு வானொலியிடமும் ஓட்டலிடமும் நீங்களே போய்க் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. 1969இல் தொடங்கப்பட்ட இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் அதை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கம். அதில் உறுப்பினராகி, உங்கள் பாட்டுகளின் விவரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பாட்டை எழுதியவர் நீங்கள் என்று நிறுவனமே ஏற்றுக்கொண்ட ஆவணம் அந்த ஒப்பந்தம்தான். நகல் உங்களிடம் இல்லை என்பதால், இந்த வாரமே மின்னஞ்சலில் அதைக் கேளுங்கள், அவர்கள் கொடுத்த தொகை வந்த வங்கிக் கணக்கின் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். நகல் தர மறுத்தால் அந்த மறுப்பையும், பதிலே வராவிட்டால் நீங்கள் கேட்ட தேதியையும் வழக்கறிஞரிடம் கொடுங்கள்.